சீனி டீசலில் கரையாது

கட்டுகஸ்தோட்டை
22.04.2024

தம்பி வீரசிங்கத்துக்கு,

அந்த டிரக்டரின் டாங்கிக்குள் நான் சீனி போடவில்லை. சுகம் விசாரிக்கும் முன் இப்படி எழுதுவது முறையல்ல. கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவளுக்குக் கடிதம் தொடங்கத் தெரியும். ஆனால் முறை தவறத் தொடங்கியது உங்கள் வீட்டில்.

இனி முறைப்படி. நான் சுகம். மழை வந்தால் முழங்கால் வலிக்கிறது. காது முன்னரைவிட மந்தமாகிவிட்டது. ஆகவே தொலைபேசியில் யாரும் கூப்பிட வேண்டாம். நீங்களும் தனபாக்கியமும் சஞ்சீவனியும் சுகமா?

போன வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டு பஸீஹா கண்டி மார்க்கட்டுக்குப் போய் வந்து, கேட்டுக்கு வெளியே நின்றபடியே சத்தமாகக் கேட்டாள்.

"கமலாக்கா, கோவிக்க வாணாம். ஹேவாஹெட்டக்கிப் போன ஒங்கட டிரக்டருக்கு நீங்க சீனி போட்டுத்தான் அனுப்பினீங்களாமே? மரக்கறி யாவாரி எல்லாம் பேசிக்கிறாங்க."

"எந்தச் சீனி?" என்றேன்.

"வெள்ளச் சீனியா செவப்புச் சீனியான்னு நான் கேக்கல்லயே" என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

விசாரித்து அறிந்துகொண்டேன். போன மாதம் உங்கள் அண்ணனின் முதல் வருஷத் திவசத்தன்று, என் வீட்டிலேயே, பந்தியில் இருந்த நாற்பது பேருக்கு முன், டிரக்டர் வழியில் நின்றுபோவது இதனால்தான் என்று தனபாக்கியம் சொல்லியிருக்கிறாள். நான் இலை போட்டுக்கொண்டிருந்தேன். என் காது அவளுக்கு வசதியாக இருந்திருக்கிறது. நீங்கள் அன்று வரவில்லை. காய்ச்சல் என்றார்கள். கூடப்பிறந்தவனின் திவசத்துக்கு வராத காய்ச்சல் எப்படிப்பட்டது என்று நான் கேட்கவில்லை.

சீனி டீசலில் கரையாது. மணலைப்போல டாங்கியின் அடியில் கிடக்கும். மீறி வந்தால் பில்டர் பிடித்துக்கொள்ளும். முப்பத்தெட்டு வருடம் அந்த என்ஜினின் சத்தத்தோடு வாழ்ந்தவள் நான். அதைக் கெடுக்க நினைத்தால் அலுமாரியைத் திறந்து சீனிப் போத்தலைத் தேட மாட்டேன். இது ஒன்றே போதும், சொன்னவளுக்கு என்ஜினும் தெரியாது, என்னையும் தெரியாது என்பதற்கு.

அவருடைய டிரக்டர் உங்கள் வீட்டுக்குப் போனதில் எனக்கு வருத்தம் இருந்தது. முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த கையோடு, "ஆம்பளப் புள்ள இல்லாத வீட்ல டிரக்டர் என்னத்துக்கு?" என்று உங்கள் மாமா சொன்னார். நீங்கள் தலையாட்டினீர்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அந்த வருத்தம் என்னுடையது, அதை நான் வைத்துக்கொள்கிறேன். வஞ்சகம் என்னுடையதல்ல.

என்ஜினில் என்ன பிழை என்பதை நான் இங்கிருந்தே கண்டுபிடித்துத் தருகிறேன். நான்கு விஷயம் தெரிய வேண்டும். ஸ்டார்ட் செய்து எவ்வளவு நேரத்தில் நிற்கிறது? பட்டென்று நிற்கிறதா, இழுத்து இழுத்து நிற்கிறதா? நிற்கும் முன் சைலன்சரில் வரும் புகை என்ன நிறம்? திரும்ப ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் எடுக்கிறது? பிழை தெரிந்ததும், அண்ணி மேல் சொன்னது பொய் என்று உங்கள் கையாலேயே எழுதி, கையொப்பமிட்டு அனுப்ப வேண்டும். அந்த நாற்பது பேருக்கும் நான் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணி கமலம்


ஹேவாஹெட்ட
11.05.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

சஞ்சீவனி எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உங்கள் முழங்காலுக்கு எண்ணெய் பூசிக்கொள்கிறீர்களா? இங்கே பின்னேரமானால் பனி இறங்கி, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் எல்லாம் இருமிக்கொண்டிருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாவுக்கு வேலை அதிகம், அதனால் என்னை எழுதச் சொன்னார். அம்மா சொன்னது கோபத்தில் சொன்னது. பெரிதாக எடுக்க வேண்டாம்.

டிரக்டர் வீட்டைச் சுற்றி ஓட்டும்போது நன்றாக ஓடுகிறது. முட்டைக்கோவா மூட்டை ஏற்றிக்கொண்டு ரோட்டில் ஏறினால் இருபது நிமிடம், அரை மணித்தியாலத்தில் நின்றுவிடுகிறது. இழுத்து இழுத்துத்தான் நிற்கிறது என்று யுகேஷ் சொல்கிறார். யுகேஷ் என்பவர்தான் இப்போது ஓட்டுகிறார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்பு மகள்
சஞ்சீவனி


கட்டுகஸ்தோட்டை
17.05.2024

சஞ்சீவனிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம் என்று எழுதியிருக்கிறாய், சந்தோஷம். என் முழங்காலுக்கு எண்ணெயால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நான் உன் அப்பாவுக்கு எழுதினேன், நீ பதில் எழுதுகிறாய். நான் நான்கு கேட்டேன், நீ இரண்டுக்குச் சொல்லியிருக்கிறாய். பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள் நீ. நான்கு கேள்விக்கு இரண்டு பதில் எழுதும் பிள்ளைக்கு எத்தனை புள்ளி போடுவாய்?

யார் இந்த யுகேஷ்? உன் அப்பா பதினாறு வயதிலிருந்து டிரக்டர் ஓட்டுகிறவர். தன் வண்டியை இன்னொருவன் தொட்டால் சண்டைக்குப் போகிறவர். அவர் ஏன் ஓட்டவில்லை? இதற்கும் பதில் எழுது.

நீ சின்னவள், உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். உன் பெரியப்பாவை இந்தப் பக்கத்தில் டிரக்டர் டொக்டர் என்பார்கள். மாத்தளையிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். அவர் கை பொன்னான கை, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் கம்பனிக்காரர் கொடுத்த தடித்த ஆங்கிலப் புத்தகத்தை அவரால் வாசிக்க முடியாது. அதை வாசித்தவள் நான். ஒரு தடவை அல்ல, அட்டை கழன்று விழும் வரை. முற்றத்தில் ஆட்களை நிறுத்திவிட்டு, "தேத்தண்ணி குடிச்சிட்டு வர்றேன்" என்று சமையலறைக்கு வருவார். என்ஜின் எப்படி இருமுகிறது, என்ன புகை என்று சொல்வார். நான் யோசித்து, இதைப் பாருங்கள், பிறகு அதைப் பாருங்கள் என்பேன். கோப்பையை வைத்துவிட்டுப் போய்ச் சொல்வார். தேத்தண்ணி குடித்தால் அவருக்கு மூளை வேலை செய்யும் என்று ஊர் பேசிக்கொண்டது. தேத்தண்ணி ஊற்றியவளைப் பற்றி ஊர் பேசவில்லை. நானும் பேசவில்லை. அவருக்கு அது குறைவு.

ஆகவே நான் கேட்பது பொழுதுபோக்குக்கு அல்ல. புகையின் நிறம், திரும்ப ஓட எடுக்கும் நேரம், இதுவரை எந்த மெக்கானிக் பாஸ் என்ன கழற்றினார், எல்லாவற்றையும் எழுது. நின்றதும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் ஒன்றுவிடாமல் எழுது. ஒன்றுமில்லை என்று நீ நினைப்பதையும் எழுது.

கமலம் பெரியம்மா


ஹேவாஹெட்ட
15.06.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

பிந்தி எழுதுவதற்குக் கோபிக்க வேண்டாம். எல்லாரும் சுகம். மழையில் லீக்ஸ் பாத்தி ஒன்று கரைந்து போய்விட்டது. உங்கள் பக்கம் ஆறு பெருகவில்லையே?

புகை நிறம் மாறுவதில்லையாம். நிற்கும்போது மட்டும் கொஞ்சம் வெள்ளையாக வந்து ஓய்ந்துவிடும் என்கிறார் யுகேஷ். மாதத்துக்கு ஒரு பாஸ் வந்துவிட்டார். முதலாமவர் பில்டர் மாற்றினார். இரண்டாமவர் டீசல் குழாயைக் கழற்றி ஊதினார். மூன்றாமவர் பம்பையே கழற்றிக் கண்டிக்குக் கொண்டுபோய்த் திருத்தி வந்தார். மாற்றின அன்றைக்கெல்லாம் ஓடும். பாரம் ஏற்றி மேலே போனால் பள்ளிக்கூடத்து ஏற்றத்தில் நிற்கும்.

நின்றதும் என்ன செய்கிறோம் என்று கேட்டீர்கள். எழுத வெட்கமாக இருக்கிறது. அம்மா சொல்லிவைத்திருப்பதால், யுகேஷ் டாங்கி மூடியைத் திறந்து உள்ளே டோர்ச் அடித்துச் சீனி இருக்கிறதா என்று பார்ப்பார். ஒன்றும் தெரியாது. மூடியைப் பூட்டிவிட்டு, பம்பில் காற்றை எடுத்து ஸ்டார்ட் செய்தால் ஓடிவிடும். "பாத்தீங்களா, தெறந்து பாத்தா பயந்துகிட்டு ஓடுது. செய்வினதான் இது" என்று அம்மா சொல்கிறார்.

நீங்கள் புத்தகம் வாசித்த விஷயம் அப்பாவுக்கு முந்தியே தெரியும். நான் வாசித்து முடித்ததும் அம்மாவிடம் சொன்னார்: "வேற பொம்பளயச் சொல்லியிருந்தா ஊரே சிரிச்சிருக்கும். அண்ணியச் சொன்னதாலதான் நம்புறாங்க. அந்த என்ஜின எங்க புடிச்சா நிக்கும்னு தெரிஞ்ச ஒரே ஆளு அவங்கதான்."

"அப்ப நான் சொன்னது சரிதானே?" என்றார் அம்மா.

"நான் அப்படியா சொன்னேன்?" என்று அப்பா எழுந்து வெளியே போய்விட்டார்.

மறைக்காமல் எழுதச் சொன்னதால் எழுதினேன்.

சஞ்சீவனி


கட்டுகஸ்தோட்டை
19.06.2024

சஞ்சீவனிக்கு,

நான் சுகம். உன் கடிதம் இன்று காலை பத்தரைக்கு வந்தது. பதினொரு மணிக்கு இதை எழுதுகிறேன்.

உங்கள் டிரக்டருக்கு நோய் இல்லை. மூச்சுத் திணறல்.

டின் பாலில் ஒரு துளை மட்டும் போட்டுக் கவிழ்த்துப் பார். நாலு சொட்டு வந்து நின்றுவிடும். எதிர்ப்பக்கம் இன்னொரு துளை போட்டால்தான் காற்று உள்ளே போய்ப் பால் வெளியே வரும். டீசல் டாங்கியும் அப்படித்தான். அதன் மூடியில் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. டீசல் இறங்க இறங்க அந்த வழியாகக் காற்று உள்ளே போக வேண்டும். துளை அடைபட்டால் டாங்கி டீசலை விடாமல் பிடித்துக்கொள்ளும். வெறும் வண்டி மெதுவாகக் குடிக்கும், ஆகவே தாக்குப்பிடிக்கும். பாரத்தோடு ஏற்றம் ஏறும்போது அதிகம் கேட்கும், கிடைக்காது, இழுத்து இழுத்து நிற்கும்.

நீங்கள் சீனி தேடி மூடியைத் திறந்த ஒவ்வொரு தடவையும் காற்று உள்ளே போயிருக்கிறது. அதனால்தான் ஓடியது. என்னைச் சந்தேகித்ததுதான் உங்கள் வண்டிக்கு மருந்தாக இருந்திருக்கிறது. மூன்று பாஸ்மாரும் கழற்றாத ஒரே சாமான் அந்த மூடி.

அதைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடி. துளை தெரியாது. தையல் ஊசியால் குத்தித் திற. திறக்கும் முன், எதனால் அடைபட்டிருக்கிறது என்று நன்றாகப் பார்த்து எனக்கு எழுது. மண்ணா, கிரீஸா, பூச்சி கட்டிய கூடா? எனக்கு அது தெரிய வேண்டும். யாரும் இனி வேறு கதை கட்டக் கூடாது.

டிரக்டர் ஓடியதும் உன் அப்பாவின் கையெழுத்தில் நான் கேட்ட கடிதம் வர வேண்டும். யாரும் யோசித்து எழுத அவசியமில்லாதபடி வாசகத்தையும் தருகிறேன்: "என் அண்ணி கமலம் டிரக்டருக்கு எந்தக் கெடுதலும் செய்யவில்லை. அப்படிச் சொன்னது பொய்." இரண்டு வரி. அதற்கு மேல் ஒரு சொல்லும் வேண்டாம்.

கமலம் பெரியம்மா


கட்டுகஸ்தோட்டை
24.07.2024

சஞ்சீவனிக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என்னைப் பற்றி யாரும் விசாரிக்காததால் நான் எழுதவில்லை.

ஐந்து வாரமாகிறது. முழங்காலோடு நானே பஸ் ஏறிக் கண்டி மார்க்கட்டுக்குப் போனேன். ஹேவாஹெட்ட மரக்கறி இறக்கும் இடத்தில் விசாரித்தேன். "வீரசிங்கம் அண்ணன் டிரக்டரா? ஜோரா ஓடுதே. மாசமாச்சு, ஒருநாள் நிக்கல" என்றார் ஒருவர். என்னை யாரென்று அவருக்குத் தெரியவில்லை. இன்னொருவர் காதோடு காதாகச் சொன்னதாக நினைத்துக்கொண்டு கத்தினார்: "அது அண்ணிக்காரி சீனி போட்ட வண்டிப்பா. இப்ப மந்திரிச்சு எடுத்துட்டாங்க."

ஆக, ஓடுகிறது. நான் சொன்ன ஊசியால் ஓடுகிறது. ஆனால் ஊரில் நான் இன்னும் சீனி போட்டவள்தான். யாரோ மந்திரித்தவனுக்குப் பேரும் கிடைத்துவிட்டது.

நான் நன்றி கேட்கவில்லை. இரண்டு வரி கேட்டேன். அண்ணனின் டிரக்டரை வாங்கிக்கொள்ள நீண்ட கை, அண்ணன் மனைவிக்கு இரண்டு வரி எழுதுவதற்குப் பாரமாகிவிட்டதா என்று உன் அப்பாவிடம் கேள். நான் எழுதியபடியே வாசித்துக் காட்டு.

கமலம்


ஹேவாஹெட்ட
03.08.2024

பெரியம்மாவுக்கு,

வாசித்துக் காட்டவில்லை. என்னால் முடியவில்லை. இதை நான் எழுதுவது அப்பாவுக்கோ அம்மாவுக்கோ தெரியாது.

இந்த வருடம் ஜனவரி பத்தொன்பதாம் திகதி, பள்ளிக்கூடத்து ஏற்றத்தில், முழுப் பாரத்தோடு டிரக்டர் நின்றது. பிரேக் தாங்காமல் பின்னுக்கு வழுக்கியது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். கீழே ரோட்டு நிறையப் பிள்ளைகள். அப்பா குதித்து இறங்கி, பின்னால் பூட்டியிருந்த பாரப் பெட்டியின் சக்கரத்துக்குக் கீழே கல் வைத்தார். வண்டி நின்றது. வலது கை கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் ஐந்து வாரம் இருந்தார். பெருவிரலை மட்டும் காப்பாற்றினார்கள். மற்ற நாலும் இல்லை. திவசத்துக்கு வராததற்குக் காரணம் காய்ச்சல் அல்ல.

கை பாரமாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். இல்லை பெரியம்மா. பாரம் குறைந்துதான் இருக்கிறது.

அண்ணியின் காதுக்கு இது போகவே கூடாது, துக்க வருஷத்தில் இன்னொரு துக்கம் வேண்டாம் என்று அப்பா எல்லாரிடமும் சத்தியம் வாங்கினார். அம்மாவால் அதைச் சொல்லாமல் இருக்க முடிந்தது. சீனியைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஐந்து வாரமாக ஏன் பதில் இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். மூடியை நான்தான் வெளிச்சத்துக்குப் பிடித்தேன். மண் இல்லை, பூச்சிக்கூடு இல்லை. துளைக்குள் சிவப்புப் பெயிண்ட் இறுகியிருந்தது. அதன் மேல் சந்தனம், கல்லுப் போல. அது எங்கள் வீட்டில் வைத்த சந்தனம் இல்லை. டிரக்டர் வரும்போதே இருந்தது. சாமி காரியம் என்று துடைக்கும்போதுகூட யாரும் அதில் கை வைக்கவில்லை. சுற்றித்தான் துடைத்தோம்.

அப்பா அதை வாங்கிப் பார்த்தார். "அண்ணிக்கு எழுதாத. டிரக்டர் ஓடுது, அது போதும்" என்றார். உங்களுக்கு அது தெரியாமலே போகட்டும் என்று நினைத்தார். நீங்கள்தான் விடவில்லை.

சஞ்சீவனி


கட்டுகஸ்தோட்டை
27.09.2024

தம்பி வீரசிங்கத்துக்கு,

உடம்பு எப்படி என்று விசாரிக்கும் உரிமை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இருந்தாலும் விசாரிக்கிறேன். காயம் ஆறிவிட்டதா? குளிருக்கு வலிக்கிறதா?

சஞ்சீவனியைக் கோபிக்க வேண்டாம். நான் குத்திக் குத்திக் கேட்டதால் எழுதினாள். அவள் கடிதம் வந்து ஏழு வாரத்துக்கு மேலாகிறது. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். பஸீஹாவிடம், "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். "தெரியும் கமலாக்கா. சீனிக் கதயச் சொல்ல வாய் வந்திச்சு. கைக் கதயச் சொல்ல வாய் வரல்ல" என்றாள். தெருவுக்கே தெரிந்திருக்கிறது. பெரிய மூளைக்காரி என்று நான் என்னை நினைத்துக்கொண்டிருந்த வீட்டில், எனக்கு மட்டும் தெரியவில்லை.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

டிரக்டர் உங்களுக்குப் போவதற்கு முதல் நாள் தாஸிமைக் கூப்பிட்டுச் சிவப்புப் பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். என் வீட்டுச் சாமான் பழசாகத் துருப்பிடித்துப் போய் இன்னொரு வாசலில் நிற்கக் கூடாது என்பதற்காக. "மூடியக் கழட்டி வெச்சிட்டு அடிக்கவா அம்மா?" என்று அவர் கேட்டார். தூசி உள்ளே விழும், பூட்டியபடியே அடி என்றேன். புத்தகத்தில் மூடியின் துளைக்கென்று தனியாக ஒரு படம் உண்டு. அதை நூறு தடவை பார்த்தவள் நான். அன்று அது நினைவில் வரவில்லை. அன்று எனக்கு நினைவில் இருந்தது உங்கள் மாமா சொன்ன வார்த்தை மட்டும்தான்.

மறுநாள் காலை லொறி வந்தது. மழை தூறிக்கொண்டிருந்தது. சந்தனம் வழியில் கரைந்துவிடும், வெறும் நெற்றியோடு உங்கள் ஊருக்குள் போய் இறங்கும் என்று, அதில் பிசின் கலந்து குழைத்தேன். எல்லாவற்றிலும் உயரமான இடம் என்று மூடியின் நடுவில் வைத்தேன். பெருவிரலால் அழுத்தி வைத்தேன்.

அழுத்தியது வஞ்சகத்தில் அல்ல. மரியாதையில் என்று எழுத நினைத்தேன். அதுவும் முழு உண்மை இல்லை. என் வீட்டிலிருந்து போன சாமான் எப்படிப் போயிற்று என்று உங்கள் ஊர் பார்க்க வேண்டும் என்றுதான்.

இரண்டு வரி கேட்டிருந்தேன். அது வேண்டாம்.

கமலம்


ஹேவாஹெட்ட
15.10.2024

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

நாங்கள் சுகம். அப்பாவின் காயம் ஆறிவிட்டது. விடியற்காலைக் குளிரில் இல்லாத விரல்கள் வலிக்கின்றன என்கிறார். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு, நாங்கள் எழுந்த பிறகுதான் சாப்பிடுகிறார்.

உங்கள் கடிதத்தை இரண்டு பேருக்கும் வாசித்தேன். நீங்கள் ஒன்றையும் மறைக்காமல் எழுதுகிறவர். நானும் அப்படியே எழுதுகிறேன்.

"இன்னொரு தடவ படி" என்றார் அம்மா. படித்தேன்.

"எங்கயாச்சும் மன்னிச்சுக்கோங்கன்னு இருக்கா?"

"இல்லம்மா."

"அதானே பாத்தேன். தாஸிம் என்ன கேட்டாரு, மழ எப்படி பேஞ்சுச்சு, எல்லாம் இருக்கு. அது மட்டும் இல்ல. படிச்சவங்க வீட்ல சந்தனங்கூடக் கெட்டியாத்தான் இருக்கும்போல."

"வாய மூடு தனம். ஆயுத பூசைக்கு அதுக்கு மேலயே நீயுந்தானே பொட்டு வச்ச? ஒன் குங்குமமும்தான் அதுல இருந்துச்சு" என்றார் அப்பா.

"நான் வச்சது பூச. அவங்க வச்சது வீம்பு. அவங்களே எழுதியிருக்காங்க, கேட்டீங்கல்ல?" என்று அம்மா கத்தினார். "சரி, சீனின்னு சொன்னது தப்பு. ஒத்துக்கிறேன். இனிமே சந்தனம்னு சொல்றேன். அப்பயும் அதே ஆளுதானே?"

பிறகு அழுதார். "ஆஸ்பத்திரியில அஞ்சு வாரம் பெஞ்சுல படுத்துக் கெடந்தேன். அந்தக் கோவத்தக் கொண்டுபோய் வைக்க எனக்கு ஒரு ஆளு வேணாமா?" என்றார்.

அப்பா உங்களுக்குச் சொல்லச் சொன்னது: "அண்ணி மேல எனக்குக் கோவமில்ல. நின்ன வண்டிக்குப் பின்னால கைய விட்டது நான்தான்." அவர் அப்படித்தான் சொல்வார். ஆனால் அம்மாவுக்கு நீங்கள் இதுவரை ஒன்றும் எழுதவில்லை. இதை நானாகத்தான் எழுதுகிறேன்.

சஞ்சீவனி


கட்டுகஸ்தோட்டை
21.10.2024

தனபாக்கியத்துக்கு,

நீ சுகமா? வீட்டில் எல்லாரும் சுகமா? நான் இருக்கிறேன்.

நீ இந்தக் குடும்பத்துக்கு வந்து நாற்பத்தோரு வருடம். உனக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. உறையின் மேல் உன் பெயரை எழுதும்போதுதான் அதை உணர்ந்தேன். உன் நாத்தனார்மார் பெயரெல்லாம் எனக்குப் பழக்கம். உன் பெயருக்குப் பேனா நின்று யோசித்தது. தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள், இவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைத்திருக்கிறேன். இதை நீ என்றைக்கோ அறிந்திருப்பாய்.

நீ கேட்டது சரி. அந்தக் கடிதத்தில் அந்தச் சொல் இல்லை. விட்டுப்போகவில்லை, விட்டேன்.

தனபாக்கியம், உன் கணவருடைய கை போனதற்குக் காரணம் நான். தெரியாமல் செய்தேன், ஆனால் தெரிந்திருக்க வேண்டியவள். என்னை மன்னித்துக்கொள்.

எழுதிவிட்டேன். எழுபத்தொன்பது வயதில் இப்படி ஒரு வரி எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். உன் குங்குமத்தைப் பற்றி நான் எங்கும் பேசப்போவதில்லை. அதற்கு அடியில் இருந்த பெயிண்டும் சந்தனமும் போதும்.

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். நான் வீம்புக்காரி என்று ஊர் பேசட்டும், அது உண்மை. வஞ்சகி என்று பேசக் கூடாது. என் வீட்டுப் பந்தியில் நீ சொன்ன சொல் இப்போது மார்க்கட் வரை போய், உன்னிடமும் என்னிடமும் கேட்காமல் தானாக நடக்கிறது. அதை நிறுத்த உன்னால் தனியாக முடியாது. என்னாலும் தனியாக முடியாது. நான் மறுத்தால் குற்றவாளி மறுக்கிறாள் என்பார்கள். நீ மறுத்தால் அண்ணிக்காரிக்குப் பயந்து மறுக்கிறாள் என்பார்கள்.

வருகிற மார்ச் மாதம் இரண்டாம் வருஷத் திவசம். அதே நாற்பது பேரையும் அழைக்கப்போகிறேன். இலை போடும் முன் நான் எழுந்து, பெயிண்ட் அடிக்கச் சொன்னது யார், சந்தனத்தில் பிசின் கலந்தது யார், அதனால் யாருடைய கை போயிற்று என்று எல்லாவற்றையும் என் வாயால் சொல்வேன். தேத்தண்ணிக் கதையையும் சொல்வேன். அவர் பேர் குறைந்தால் குறையட்டும். என்ஜின் தெரிந்தவள் செய்த பிழை என்றால்தான் அது முழுப் பிழையாகும். நான் சொல்லி முடித்த பிறகு, சீனி என்று சொன்னது தவறு என்று நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. உன் இடத்தில் இருந்தே சொல்லலாம்.

நீ மறுத்தாலும் நான் சொல்லத்தான் போகிறேன். அப்போது சபையில் நான் குற்றத்தை ஒப்புக்கொண்டவளாகவும், சீனி போட்டவளாகவும், இரண்டுமாக நிற்பேன். அதையும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

வருவாயா, மாட்டாயா? வந்தால் சொல்வாயா, மாட்டாயா? பதிலை சஞ்சீவனியிடம் சொல்லி எழுதுவிக்காதே. நீயே எழுது. நான் எதையும் திருத்த மாட்டேன். கார்த்திகை முடிவதற்குள் தபாலில் சேர்த்துவிடு.

கமலம்